வெளிறிய இடங்கள்

அவரை எல்லாரும் கறைக்காரர் என்றே கூப்பிட்டார்கள், முகத்துக்கு நேராகவே. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. அழுக்கு எடுக்கிறவன் வேறு, கறை எடுக்கிறவன் வேறு என்பது அவர் கட்சி. அழுக்குக்கு ஒரு இயந்திரமும் இரண்டு கையும் போதும். வீட்டுக் கம்பளத்தில் ஊறிப்போன பழைய கறைக்கு மூக்கு வேண்டும், பொறுமை வேண்டும், வாய் மட்டும் இருக்கவே கூடாது.

வேலைக்குப் போகும்போது ஒரு பை. அதில் மடித்து அடுக்கிய வெள்ளைத் துணிகள், இரண்டு பீச்சுக்குப்பிகள், தேய்ந்த கரண்டி ஒன்று, பல் துலக்கும் பிரஷ் ஒன்று. வண்ணத் துணியை அவர் பைக்குள் விடுவதில்லை. துணியின் சாயம் கம்பளத்தில் இறங்கினால் பழைய கறைக்குத் துணையாகப் புதுக் கறை வந்து உட்கார்ந்துகொள்ளும். நாள் முழுக்க முட்டி போட்டே வேலை. முட்டி இரண்டும் ஒட்டகத்துக்குப் போலக் காய்த்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முட்டி போடவைத்ததெல்லாம் வீண் போகவில்லை, அது ஒன்றுதான் இவருக்குச் சோறு போடுகிறது என்று அவர் மனைவி விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் இரண்டு கேள்வி கேட்பார். என்ன கொட்டியது? அதன் மேல் நீங்கள் என்ன ஊற்றினீர்கள்? முதல் கேள்விக்கு எல்லாரும் பூனையைச் சொல்வார்கள், பூனையே இல்லாத வீட்டில்கூட. இரண்டாவது கேள்விக்கு ஊரெல்லாம் ஒரே பதில்தான், ஒன்றுமே ஊற்றவில்லை என்று. அவர் குனிந்து முகர்ந்தால் பிளீச்சிங் பவுடர் மூக்கைத் துளைக்கும். ஆனாலும் யாரையும் மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டார். "நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா ஒரு பேச்சுக்கு இது பிளீச்சிங் பவுடர்னு வச்சுக்குவோம்..." என்று ஆரம்பிப்பார். அந்த 'வச்சுக்குவோம்' போதும். பொய் சொன்னவருக்கு முகம் கறுக்காது, இவருக்கு வேலை நடக்கும்.

ஒரு வீட்டுக் கறையை இன்னொரு வீட்டில் பேசமாட்டார். சொந்த வீட்டிலும் பேசமாட்டார். மகள் சின்னவளாக இருந்தபோது சாயங்காலம் வாசலிலேயே மறித்து, இன்றைக்கு என்ன கறை என்று கேட்பாள். சொல்லமாட்டேன் என்பார். டீயா, மையா, பெயின்ட்டா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, இவர் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டுவார். பெரிய வீட்டுக்காரர்கள் குடும்ப டாக்டரின் நம்பரைக் கொடுப்பதுபோல இவர் நம்பரை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த வாய்ப்பூட்டுதான். அதில் வந்த வருமானத்தில்தான் மகள் காலேஜ் முடித்தாள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் டிகிரி வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள்.

அங்கே கூட வேலை பார்த்த ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒரு நாள் சொன்னாள். அவனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி, ஒத்துவராமல் விவாகரத்தும் ஆகிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அம்மாக்காரி இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு பையனின் போட்டோவைப் பார்த்தாள். சரி, பரவாயில்லை, கண்ணு ரெண்டும் சாந்தமா இருக்கு என்று இறங்கி வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று பேரும் அவன் வீட்டுக்குப் போனார்கள்.

புது அடுக்குமாடி வீடு, நான்காவது மாடி. கறைக்காரர் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர் ஆட்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். தொழில் புத்தி. வெளிர் மஞ்சளில் கம்பளம், சுற்றிலும் கருஞ்சிவப்புக் கரை, கரை முழுக்க இலைகள். ஜன்னலோர மூலையில் ஒரு இலை மட்டும் மற்ற இலைகளைவிட நூலளவு வெளுத்திருந்தது. எந்தக் கம்பளத்தில் கை வைத்தாலும் கண்ணில் படாத மூலையில் முதலில் ஒரு சொட்டு விட்டு, சாயம் தாங்குகிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். அந்த இலை அவர் விட்ட சொட்டு.

வீடு மாறியிருக்கிறது, கம்பளம் மாறவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் வேறொரு தெருவில் வேறொரு வீட்டில் இந்தக் கம்பளத்தின் மேல் பொழுது சாயும்வரை முட்டி போட்டிருந்தார். சிவப்பு மை கொட்டிவிட்டது என்று சொன்னார்கள். வெந்நீர் ஊற்றித் தேய்த்திருந்தார்கள், கறை வெந்து பழுப்பாகி நூலைக் கவ்விக்கொண்டிருந்தது. மை வெந்நீருக்கு அப்படி வேகாது. நனைத்ததும் பழைய சாவிக்கொத்தின் வாடை வந்தது. ரத்தம் என்று அவருக்கு அப்போதே தெரியும். உள்ளங்கையை விரித்து வைத்தாலும் மூட முடியாத அளவுக்கு ரத்தம்.

மை என்று சொன்ன அம்மாள்தான் இப்போது காபி டம்ளரை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா. இவரை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. வேலைக்கு வந்து தரையில் குனிந்திருக்கிறவனின் முதுகைத்தான் வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள். அப்பா சுத்தம் செய்யும் தொழில் பண்றார் என்று மகள் சொல்லியிருந்தாள் போல. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, அப்படியானால் எங்கள் வீட்டுக் கம்பளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் சம்பந்தி என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் பார்த்தார். தாம் வேலை செய்த இடம் மட்டுமில்லை. சோபாக் காலடியில் ஒன்று, அறைக் கதவோரம் ஒன்று, சாப்பாட்டு மேசைப் பக்கம் ஒன்று. கைப்பிடி அளவுக்கு வெளிறிய இடங்கள். சுற்றியிருக்கும் கம்பளம் அழுக்கேறி மங்க, அலசி எடுத்த இடம் மட்டும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கைக்குட்டையைத் தவறவிட்டு எடுப்பதுபோல ஒன்றைத் தடவிப் பார்த்தார். நூல் படுத்திருக்கவில்லை. தேய்க்காமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்த வேலை. தொழில் தெரிந்த கை. நம்மைக் கூப்பிடாமல் வேறு எவனையோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அந்த நிலையிலும் அவருக்கு ஒரு பொறாமை வந்தது. பிறகுதான் எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்து, காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு கறையைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. அவள் முதலில் நம்பவில்லை, பிறகு கோபப்பட்டாள். மூக்கில் ரத்தம் வந்திருக்கும், கத்தி பட்டிருக்கும், மனிதர் வீட்டில் ரத்தமே வராதா என்று அடுக்கினாள். அதெல்லாம் வரும்தான், ஆனால் அதை ஏன் மை என்று சொல்லவேண்டும் என்று அவர் கேட்டார். "உங்ககிட்ட இதுவரைக்கும் எந்த வீட்டுல உண்மைய சொல்லியிருக்காங்க?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

மகளிடமும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் ஆபீஸிலிருந்து வரும்போதே முகம் தெளிவாக இருந்தது.

"அவர்கிட்டயே கேட்டுட்டேன்பா. கண்ணாடி டம்ளர் உடைஞ்சு அவரோட மொத சம்சாரம் கையக் கிழிச்சுக்கிட்டாங்களாம். சொல்லும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

"ஒரு தடவையாம்மா?"

"ஒரு தடவதான். நீங்க ஏன்பா போலீஸ்காரர் மாதிரி கேக்குறீங்க? அவர் நான் கேட்டதும் சொல்லிட்டாரு. நீங்கதான் இத்தன வருஷம் மனசுக்குள்ள வச்சிருந்தீங்க."

ஒரு தடவைக்கு மூன்று வெளிறிய இடம் எப்படி வரும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். குழம்பு கொட்டியிருக்கலாம் இல்லையா என்றாள். கொட்டியிருக்கலாம்தான். அலசி எடுத்த இடம் சுத்தமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லாது. தன் தொழிலின் லட்சணமே அதுதான் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கறை இருந்தால் காட்டலாம், எடுத்த கறையை என்னவென்று காட்டுவது?

மாப்பிள்ளையின் முதல் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்ப்பதாக மகளே எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். மறுநாள் வேலைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு பையோடு அங்கே போனார். கூட்டமில்லாத நேரம். மெலிந்த பெண், இடது புருவத்தில் ஒரு கோட்டளவு முடி முளைக்காமல் இருந்தது. படிக்கும் கண்ணாடி வேண்டுமா, தூரப் பார்வைக்கா என்று கேட்டாள். எனக்குக் கண்ணாடி வேண்டாம்மா, நான் கம்பளத்தில் கறை எடுக்கிறவன், என்று அவர் ஆரம்பித்ததுமே அவள் கையிலிருந்த துடைக்கும் துணியைக் கீழே வைத்தாள்.

"உங்க முகம் தெரியாது. குரல் தெரியும்" என்றாள்.

அன்றைக்கு உள்ளறையில் நெற்றிக் கட்டோடு படுத்திருந்ததாகச் சொன்னாள். கதவு சாத்தியிருந்தது. வெளியே அவர் பேசியதெல்லாம் கேட்டதாம். தம் மகளைக் கட்டப்போகிறவன் அவளுடைய முன்னாள் கணவன்தான் என்றும், அந்தக் கம்பளத்தில் இன்னும் மூன்று இடம் பார்த்ததாகவும், அதற்கு வேறு யாரையாவது கூப்பிட்டார்களா என்றும் அவர் கேட்டார்.

"வேற யாரும் வரல. எங்க மாமியார்தான் எடுத்தாங்க. ரெண்டு தடவ என்னையே எடுக்கச் சொன்னாங்க. நீங்க கிளம்பும்போது சொல்லிக்குடுத்தீங்களே, மறந்துட்டீங்களா? 'நீங்க சொல்றது மைதாம்மா. ஆனா ஒரு பேச்சுக்கு ரத்தம்னு வச்சுக்குவோம். வெந்நீர் காட்டாதீங்க. காயறதுக்குள்ள பச்சத் தண்ணியில வெள்ளத் துணிய நனச்சு, ஓரத்துலேர்ந்து நடுவுக்கு ஒத்தி எடுங்க. அப்புறம் என்னைக் கூப்பிடவே வேண்டியிருக்காது.' அப்படித்தான் சொன்னீங்க. அவங்களும் கூப்பிடல."

கிளம்பும்போது எல்லா வீட்டிலும் அவர் அப்படி ஏதாவது யோசனை சொல்லிவிட்டு வருவது உண்டு. கூலிக்கு மேல் ஒரு கைப்பிடி கொசுறு என்று அதை நினைத்திருந்தார்.

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அவள் கேட்க விரும்பவில்லை. உங்கள் மகளை வரச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன், நீங்கள் வரவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே நுழைந்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகளிடம் பாதியை மட்டும் சொல்லியிருக்கலாம். வழி முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தார். தம் பேச்சை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னால் போதாதா? போதாது. அந்த வெளிறிய இடங்களை மாமியார்க்காரி அவ்வளவு சுத்தமாக எடுக்க எங்கே கற்றுக்கொண்டாள் என்று சொல்லாவிட்டால் மகள் மறுபடி குழம்பு என்பாள். அதனால் முழுவதையும் சொன்னார். மகள் அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே அவனுக்குப் போன் பண்ணினாள். கல்யாணம் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டிருப்பான். உங்கள் வீட்டுக் கம்பளத்தைக் கேளுங்கள் என்றெல்லாம் அவள் வசனம் பேசவில்லை. போனை அணைத்தாள். அம்மாக்காரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கறைக்காரருக்கு மூச்சு வந்தது. மகள் தப்பித்தாள். அந்த நிம்மதியில் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டார்.

அவள் நகரவில்லை, சாயவும் இல்லை.

"அப்பா, ஒண்ணு கேக்குறேன். அந்த வீட்டுக்கு வேற யாரோட பொண்ணாவது போறதா இருந்தா, நீங்க சொல்லியிருப்பீங்களா?"

அவர் அவள் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"உங்கள மட்டும் சொல்ல எனக்கும் தகுதி இல்லப்பா. அவங்க உள்ள கட்டுப் போட்டுப் படுத்திருந்தாங்கல்ல, அந்த மாசம் நான் கடைசி வருஷப் பரிட்சை எழுதினேன். நீங்க புதுப் பேனா வாங்கிட்டு வந்தீங்க. அது எந்த வீட்டுக் காசுன்னு நான் இனிமே யோசிச்சுக்கிட்டே இருப்பேன்."

அடுத்த மாதம் ஆபீஸ் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் போய்வர அலைச்சலாக இருக்கிறது என்று அம்மாவிடம் காரணம் சொன்னாள். அம்மாக்காரி கோபத்தை எல்லாம் இவர் மேல் இறக்கினாள். "கல்யாணமும் போச்சு, பொண்ணும் போயிட்டா. வாய் ஒண்ணு இருக்குன்னு உங்களுக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்றாள். எப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது, போனார். ஒரு வீட்டில் படிக்கட்டுக் கம்பளத்தில் பழுப்புக் கறை. சாஸ் கொட்டிவிட்டது என்றாள் வீட்டுக்காரப் பெண். நனைத்தார், அதே சாவிக்கொத்து வாடை. வழக்கமான இரண்டு கேள்வியோடு மூன்றாவதாக ஒன்று கேட்டார்.

"யாருக்கும்மா அடிபட்டுச்சு?"

அவள் முகம் மாறியது. உங்களுக்கு எதுக்கு அது என்றாள். அந்த நேரம் பார்த்து மூக்கில் பஞ்சோடு ஒரு சின்னப் பெண் மேல்படியில் வந்து நின்று, இவரை வேடிக்கை பார்த்து, பல் விழுந்த வாயால் சிரித்தது. மாடியிலிருந்து யார் முதலில் இறங்குவது என்று அண்ணனோடு பந்தயம் வைத்து விழுந்ததாம். கறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வேலையை முடித்தார். அந்த வீட்டிலிருந்து பிறகு கூப்பிடவில்லை. அவர்கள் நம்பர் கொடுத்திருந்த வீடுகளிலிருந்தும் கூப்பிடவில்லை. ஆள் நல்லவர்தான், இப்போது துருவித் துருவிக் கேட்கிறார் என்று பேச்சு பரவியது. இன்னொரு வீட்டில் அந்தக் கேள்விக்கு வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் மரியாதையாகக் கதவைத் திறந்து விட்டார். உள்ளே யாராவது படுத்திருந்தார்களா, இல்லையா என்று அவருக்குத் தெரியாது. தெருவில் இறங்கிப் பையோடு கொஞ்ச நேரம் நின்றார். யாரிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருகிறாள். அம்மாவோடு சமையலறையில் பேசுகிறாள், சாப்பிடுகிறாள், சாயங்காலம் கிளம்பிவிடுகிறாள். இப்போதெல்லாம் நான் கேட்கிறேன் என்று அவளிடம் சொல்லவேண்டும் என்று அவருக்கு ஒவ்வொரு வாரமும் தோன்றும். சொன்னால், செய்ததற்குக் கூலி கேட்பதுபோல ஆகிவிடும். தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைப்பார். அவள் ஊற்றிக் குடித்துவிட்டு, வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று மரியாதைக்குக் கேட்பாள். பரவாயில்லை என்பார்.