ஓரெஸ்ட் அடைத்த ஓட்டைகள்

ஓரெஸ்டுக்குத் தன்னைப் பற்றி நல்ல தெளிவு உண்டு. கனடாவின் வின்னிபெக் நகரத்தில் ஆயுசு முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஸ்டீயரிங்கைத் தவிர எந்தக் கருவியும் அவர் பேச்சைக் கேட்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷன் வீட்டு நிலவறைச் சுவருக்குத் தானே தெர்மோகோல் ஒட்டிக் குளிரை நிறுத்தக் கிளம்பினார் என்றால், காரணம் மகள் லெஸ்யாதான்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள் நிலவறைக் கட்டிலில் இரண்டு ராத்திரி படுத்தாள். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போய்விட்டாள். சொந்த வீடு இருக்க, பெற்ற பிள்ளை ஓட்டலில்! இந்தக் கிறிஸ்துமஸுக்கும் அப்படிப் போனால் அப்புறம் அவள் வரவே மாட்டாள் என்று பயந்தார்.

அளந்து அறுத்த முதல் தெர்மோகோல் பலகை ஒரு சாண் குட்டை. எரிச்சலில் அடுத்ததை அளக்காமலே அறுத்தார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. இதிலிருந்து என்ன பாடம் படிப்பது என்று அவருக்கே விளங்கவில்லை. இடுக்கை அடைக்க டப்பா நுரையைப் பீய்ச்சியதில் பாதி சுவரில் இறுகியது, மீதி மீசையில். மீசையை மழித்துவிட்டு மேலே வந்தவரை மனைவி ஸ்டெஃபா ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா அதுக்கடியில இதைத்தான் ஒளிச்சு வச்சிருந்தியா?"

சுவர் ஒரு வழியாக முடிந்தது. கைதான் சும்மா இருக்கவில்லை. நிலவறையை ஒட்டி, வாசற்படிக்குக் கீழே, காய்கறி கெடாமல் வைக்கிற குளிரறையில் வெளிக்காற்று வர இரண்டு ஓட்டைகள். "அடப்பாவிகளா, இங்கயா ஒளிஞ்சிருக்கீங்க?" என்று அவற்றையும் அடைத்து, வீட்டுச் சூடு உள்ளே போகக் கதவையும் திறந்து வைத்தார். அந்த அறையில்தான் ஸ்டெஃபா பண்டிகைக்காக முழு முட்டைகோஸ்களை உப்புநீர் ஜாடியில் புளிக்கப் போட்டிருந்தாள். அந்த இலையில் சோற்றைச் சுருட்டி வேகவைக்காவிட்டால் உக்ரேனிய வீட்டில் பண்டிகையே இல்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் மதியம் ஜாடியைத் திறந்த ஸ்டெஃபா அலறினாள்.

"ஐயோ! ஏன்யா, இது முட்டைகோஸா, செத்த எலியா?"

"ரூம் கதகதன்னு இருக்கட்டுமேன்னு..."

"முட்டைகோஸுக்கு எதுக்குய்யா கதகதப்பு? அது என்ன பிள்ளை பெத்தவளா?"

குமட்டுகிற நாற்றம். வேறு வழியில்லாமல் நிலவறை ஜன்னல்களை எல்லாம் திறந்து போட்டார்கள். வெளியே மைனஸ் முப்பது. இலையுதிர்காலம் பூராவும் கட்டிக் காத்த சூடு, லெஸ்யா வந்து இறங்குவதற்குள் போயே போய்விட்டது.

சுருட்டிய இலை இல்லாத விருந்தைச் சாப்பிட்டதும் லெஸ்யா நிலவறைக்கு இறங்கிப் போனாள். ஓரெஸ்ட் கார் சாவியோடு பின்னாலேயே போனார்.

"வாம்மா, ஓட்டல்ல விட்டுடறேன். உங்கப்பன் லட்சணம் அவ்வளவுதான்."

கோட்டும் குல்லாவுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் லெஸ்யா.

"போன தடவை குளிருக்குப் பயந்தா போனேன்னு நினைச்சீங்க? வேலையை விட்டுட்டேன்னு சொன்னேன். ரெண்டு நாளா என் மூஞ்சியைக்கூடப் பாக்கலையேப்பா நீங்க. டிவியையே பாத்துட்டு இருந்தீங்க."

ஓரெஸ்ட் சுவரைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. மடையன், மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். சாவியைப் பையில் போட்டார்.

"இப்ப... என்ன வேலைம்மா பாக்குற?"

லெஸ்யா நகர்ந்து உட்கார்ந்து, கட்டிலில் அவருக்கு இடம் விட்டாள்.