நண்டுக் குடும்பப் படத்துக்கு ஆளுக்கொரு கதை

வீடியோக் கடை நடத்துகிறவளுக்குப் படம் பார்க்க நேரம் இராது. படம் பார்த்தவர்களின் கதையைக் கேட்பதற்கே பொழுது போய்விடும். கடை வைத்து நாலு பேருக்குப் பதில் சொல்லிச் சலித்தவர்களுக்கு இது தெரியும். உங்களை நம்பித்தான் சொல்லத் தொடங்குகிறேன். ஆனாலும் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதோடு சண்டைக் காலத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாக மாற்றிச் சொன்னால், மறதி என்று யாரும் விடமாட்டார்கள். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அந்த நடுக்கம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

கடை இருந்தது திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில். வாசலில் நின்றால் ஆமிக்காரரின் சென்றி தெரியும். மணல் மூட்டை, குறுக்குத் தடி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆட்கள். அங்கிருந்து கடையைப் பூட்டு என்று ஒரு சொல் வந்தால் பூட்டத்தான் வேண்டும். ஏன் என்று கேட்க ஏலாது. என் கணவர் முதுகு நோவால் வேலைக்குப் போகாமல் இருந்த நேரம் அது. கடை பூட்டினால் அடுப்பெரிகிற குசினியும் பூட்டுத்தான்.

அப்படியான நாளில் கொழும்பில் இருந்து வந்த கசெட் பெட்டிக்குள் ஒரு காட்டூன் படம் இருந்தது. ஆங்கிலப் பெயர். எனக்கு வாயில் நுழையவில்லை. ஊரில் எல்லாருக்கும் அது நண்டுக் குடும்பப் படம். தகப்பன் நண்டு, தாய் நண்டு, மூன்று குஞ்சுகள். குடியிருந்த பாலத்தை உடைக்கிறார்கள் என்று வேறு வீடு தேடிப் புறப்படுகின்றன. போகிற இடமெல்லாம் யாராவது துரத்திக் கலைக்கிறார்கள். நடுவில் ஒரு கல் இடுக்கில் பெரிய வாய்க் களவாய் மீன் ஒன்று காவல் நிற்கும். கன்னத்தை ஊதி ஊதி, போகிற வருகிற எல்லாரையும் எங்கே போகிறாய் என்ற ஒரே கேள்விதான் கேட்கும். இவ்வளவும் எனக்குப் பிறர் சொல்லித் தெரிந்தது.

நேராக நடந்த நண்டு

முதலில் எடுத்துக்கொண்டு போனவர் கிண்ணியாவில் இருந்து லோஞ்சுப் படகில் வருகிற சலீம் நானா. மீன் வியாபாரம். கடலில் இருக்கிறதைப் பற்றி அவரிடம் யாரும் பொய் சொல்ல ஏலாது. படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்ததும் குறை சொல்லத் தொடங்கினார். நண்டு பக்கவாட்டில்தான் ஓடுமாம். இந்தப் படத்தில் அது மனிதர் மாதிரி நேராக நடக்கிறதாம். கண்ணும் பிழையாம், காலும் ஒன்று குறைகிறதாம். படம் கீறி வரைந்தவன் ஒரு நாளாவது சந்தைப் பக்கம் போயிருக்கமாட்டான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

நான் கசெட்டை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். அவர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு நாள் வைத்திருக்கட்டுமா என்று கேட்டார். இவ்வளவு பிழை இருக்கிற படம் எதற்கு நானா என்றேன். கசெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “நண்டு பிழைதான் தங்கச்சி. ஆனா பொஞ்சாதி கூப்புட்டா அந்தத் தகப்பன் நண்டு கேட்காத மாதிரி மண்ணுக்குள்ள போகுதே, அதுல ஒரு பிழையும் இல்ல.”

பாட்டில்லாத படம்

எதிர்ப்பக்கம் இடியப்பம் அவித்து விற்கிற பூரணம் அக்காவுக்குப் பாட்டில்லாத படம் படமே இல்லை. ஒரு படத்தில் எத்தனை பாட்டு என்று கேட்ட பிறகுதான் காசு எடுப்பா. நண்டுப் படத்தை நான்தான் வலிந்து கொடுத்தேன். கொடுத்ததில் இருந்து மனம் அடித்துக்கொண்டது. பிடிக்காவிட்டால் வீதி முழுக்கக் கேட்கத்தான் சொல்லுவா.

விடிந்து கடை திறந்தால் எதிரே ஒரே கருகல் மணம். இடியப்பத்துக்கு ஒரு சனமும் இல்லை. பூரணம் அக்கா கரியான பானையைச் சாம்பல் போட்டு உரஞ்சிக்கொண்டிருந்தா. பிள்ளைகளோடு சேர்ந்து படத்தைத் திரும்பவும் போட்டிருக்கிறா. கதிரையை விட்டு எழும்ப மனமில்லை. பானைத் தண்ணீர் வற்றி அடி பிடித்துவிட்டது. நான் தயங்கித் தயங்கிப் படம் எப்படி அக்கா என்றேன். அவ நிமிராமலே சொன்னா: “பாட்டும் இல்ல, சண்டையும் இல்ல, ஒரு சொல் தமிழும் இல்ல. கசெட்டை நாளைக்குத் தாறன்.”

சட்டி

பூரணம் அக்கா வீட்டுத் திண்ணையில் மட்டுமில்லை, யன்னலுக்கு வெளியிலும் நின்று ஆட்கள் பார்த்த படம் அது. அப்படிப் பார்த்தவர்களில் ஒருத்தி சின்னமணி. ஈச்சிலம்பற்றில் இருந்து பிள்ளைகளோடு இரண்டு தரம் இடம்பெயர்ந்து வந்து தமக்கை வீட்டில் இருந்தவள். அவளிடம் படம் போடுகிற டெக்கும் இல்லை, டிவியும் இல்லை. என்றாலும் கடைக்கு வந்தாள். கசெட் உறையில் இருந்த படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

வீடு மாறுகிற படத்தைப் பார்த்து இவள் அழுதிருப்பாளே, நான் என்ன ஆறுதல் சொல்லுவது என்று எனக்குள் ஒரே யோசனை. அவள் உறையில் இருந்த தாய் நண்டைத் தடவிச் சிரித்தாள். ஊரை விட்ட பிறகு தன் பிள்ளைகள் இவ்வளவு சிரித்துக் கண்டதில்லை என்றாள். பிறகு உறையைத் திருப்பித் தந்துகொண்டு சொன்னாள்: “ஒவ்வொருக்கா ஓடேக்குள்ளயும் அந்தத் தாய் முதல்ல சட்டியத்தான் தூக்குது அக்கா. நான் ரெண்டு தரமும் விட்டுட்டு வந்தனான்.”

கன்னம் ஊதின பிள்ளைகள்

கெட்ட காலம் சிரிப்பில்தான் தொடங்கியது. சென்றிக்கு அப்போது ஒரு சிங்கள அதிகாரி பொறுப்பாக இருந்தார்; நாங்கள் பெரியவர் என்போம். தடித்த ஆள், கன்னம் இரண்டும் நிறைந்திருக்கும். சத்தம் போட்டுக் கேட்டதில்லை. ஆனால் தினமும் காண்கிற ஆளிடமும் எங்கே போகிறாய் என்று அதே கேள்வியை அதே நிதானத்தோடு கேட்பார். நான் அதை ஒரு நாளும் களவாய் மீனோடு சேர்த்து யோசித்ததில்லை. பிள்ளைகள் யோசித்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகையில் சென்றிக்குக் கிட்ட வந்ததும் கன்னத்தை ஊதிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். கடந்து போனதும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நான் வாசலில் நின்று இதைக் கண்டேன். அவர் என்றாவது ஒரு பிள்ளையைப் பிடித்து இது என்ன விளையாட்டு என்று கேட்டால், பிள்ளை படத்தைச் சொல்லும். படம் எங்கே எடுத்தது என்றால் என் கடையைச் சொல்லும். அதற்குப் பிறகு கடை எங்கே இருக்கப்போகிறது? கணவரிடம் சொன்னால் அவர் முதுகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே சொன்னார்: “இஞ்சரும், மீனுக்கு வாய் பெருசெண்டா அதுக்கு நீரோ பொறுப்பு?”

கத்தரி

கசெட் நாடா டெக்குக்குள் சிக்கிக் கசங்கினால், கசங்கிய துண்டை வெட்டி எறிந்து இரண்டு நுனியையும் ஒட்டிவிடுவது எங்கள் தொழிலில் வழமை. பார்க்கிறவருக்குப் படம் ஓரிடத்தில் துள்ளும், அவ்வளவுதான். நான் நல்ல நாடாவை வெட்டினது அந்த ஒரு தரம்தான். களவாய் வருகிற இடத்தைத் தேடிப் பிடித்து, தொடக்கத்திலும் முடிவிலும் கத்தரி வைத்தேன். வெட்டின நாடா முழம் முழமாக வந்தது. எறிய மனம் வரவில்லை. நூல் கட்டை ஒன்றில் சுற்றி அரிசி போடுகிற தகரப் பேணிக்குள் வைத்தேன்.

இனி நிம்மதி என்று இருந்தேன். அடுத்த கிழமை சலீம் நானா மச்சான் பிள்ளைகளுக்குக் காட்டவென்று திரும்பவும் எடுத்துப் போனார். கொண்டுவந்து தருகையில் முகத்தில் ஒரு வாட்டம். படம் நல்லாத்தான் ஓடினதோ என்று ஒன்றும் அறியாதவள் மாதிரிக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், என் மேசையில் கிடந்த கத்தரியையும் பார்த்தார். சொன்னார்: “களவாயை ஆரோ புடிச்சுக் கறி வெச்சிட்டாங்க போல.”

பெரியவர் எடுத்த படம்

நான் பயந்தபடிதான் நடந்தது. பெரியவர் ஒரு பிள்ளையைக் கேட்டிருக்கிறார், பிள்ளை சொல்லியிருக்கிறது. ஒரு மத்தியானம் அவரே கடைக்கு வந்து, அந்த நண்டுப் படம் வேண்டும் என்றார். வெட்டின கசெட்டைக் கொடுத்தேன். அது என்னைக் காப்பாற்றும் என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தேன்.

அடுத்த நாளே வந்தார். மீன் இல்லை என்றார். பிள்ளைகள் தன்னைப் பார்த்துச் செய்கிற மீன் எங்கே என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது: படத்தை வெட்டாமல் விட்டிருந்தால் அது பிள்ளைகளின் விளையாட்டு, வெட்டினதால், அந்த மீன் அவர்தான் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. டெக் தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பிடிபடவும் பயம். உள்ளே போய் அரிசிப் பேணியை எடுத்துவந்து, அவருக்கு முன்னாலேயே கசெட்டின் திருகாணியைக் கழற்றி, களவாயைத் திரும்ப ஒட்டினேன். ஒரு இடம் கோணலாகப் போனது. அவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டு போனார்.

அன்று முழுக்கக் கடையை எப்போது பூட்டச் சொல்லுவார்கள் என்று வீதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூரணம் அக்கா வந்து கூட இருந்தா. விடிந்ததும் அவரே கசெட்டோடு வந்தார். தாய் நண்டு தன் வீட்டுக்காரியைப் போல என்றார். தன் பிள்ளைகளுக்கு அனுப்ப ஒரு பிரதி கிடைக்குமா என்றார். நான் தலையை ஆட்டினேன். போகத் திரும்பியவர் நின்று, அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: “அந்த மீன் ஒருத்தரையும் பார்த்துச் சிரிக்கிறது இல்லை. நான் சிரிக்கிறதுதானே, அக்கா?”

ஓம் ஐயா, சிரிக்கிறனீங்கள் என்றேன். ஆனால் அவர் வேறு ஊருக்கு மாறிப் போனால் அடுத்து வருகிறவர் எப்படியோ யார் கண்டது, அதனால் மீன் உள்ளது ஒன்று, மீன் இல்லாதது ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவரின் முகத்தை வடிவாகப் பார்த்த பிறகே எதற்குக் கையை நீட்டுவது என்று முடிவு செய்தேன்.