ஒன்றுவிட்டொரு நாள் காய்ச்சல்

அக்காவின் பாயை உதறியபோது குளிசைகள் உருண்டு விழுந்தன. எல்லாம் நான் கொண்டுவந்து கொடுத்த மருந்துகள். ஒன்றிரண்டைத் தவிர வேறெதையும் அவள் விழுங்கியிருக்கவில்லை.

யுத்தகாலம். நான் திருகோணமலை நகரில் ஒரு வைத்தியசாலையில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். அக்கா சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் தனியே இருந்தாள். மாரிமழை தொடங்குவதற்கு முன் கடலுக்குப் போன அத்தான் திரும்பவில்லை, படகும் ஒதுங்கவில்லை. அக்கா அழவில்லை. மாரியில் அவளுக்கு மலேரியா பிடித்தது.

"ஏனக்கா குடிக்கேல்லை?"

"குடிச்சால் அவர் வாறாரில்லை."

"ஆர்?"

"உன்ர அத்தான்."

ஒன்றுவிட்டொரு நாள், பகல் இரண்டு மணிக்குக் குளிர் தொடங்குமாம். நடுக்கம் ஏற ஏற அத்தான் வாசலில் தெரிவாராம். பிறகு உள்ளே வந்து பாயின் கால்மாட்டில் இருப்பாராம். வியர்க்கத் தொடங்கினால் எழுந்து போய்விடுவாராம். முதல்நாள் காய்ச்சல் குளிசை போட்டபோது வாசலோடு நின்று திரும்பிவிட்டாராம்.

வெளியே மழைவிட்ட நல்ல வெயில். வேலிக்கு அப்பால் யாரோ கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் குளிசைகளைப் பொறுக்கி எடுத்தேன்.

படித்ததை அவளுக்குச் சொன்னேன். கிருமி இரத்தத்தில் பெருகும்போது மூளையின் இரத்தக் குழாய்களில் புரோஸ்டாகிளாண்டின் என்றொரு பொருள் உண்டாகிறது. மூளையின் அடியில் உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் ஓரிடம் உண்டு. அங்குள்ள உயிர்க்கலங்களின் வாங்கிகள் அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டதும், 'உடம்பு குளிர்ந்து கிடக்கிறது, சூடாக்கு' என்று செய்தி போகிறது. அதனால்தான் உடம்பு கொதிக்கும்போதே ஆள் நடுங்குகிறது. காய்ச்சல் குளிசையான பரசிற்றமோல் அந்தப் பொருள் உண்டாவதைக் குறைக்கும்.

அக்கா கவனமாகக் கேட்டாள். "அப்ப, அதுக்குள்ளாலதான் அவர் வாறாரோ?"

குளிர் ஏன் வருகிறது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

"மலேரியாக் குளிசையைக் குடிக்கிறன்," என்றாள். "காய்ச்சல் குளிசை மட்டும் தராத. இந்த ஒருக்கா."

மருந்து தெரிந்தவள் சம்மதித்திருக்கக் கூடாது. சம்மதித்தேன். மலேரியாக் குளிசையான குளோரோகுயினை என் கண்முன்னே விழுங்கினாள்.

இரண்டு மணிக்குப் பல் கிட்டியது. இரண்டு போர்வைக்கு மேல் சாக்கையும் போட்டேன். வெப்பமானி நூற்றுநான்கு காட்டியது. ஈரத்துணியைக் கொண்டுபோனபோது கையைத் தட்டிவிட்டாள். பிறகு வாசலைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினாள்.

"இஞ்சேருங்கோ, சாப்பிட்டனீங்களோ?"

நிறுத்தினாள். ஒருவர் பதில் சொல்லி முடிக்கும் அளவு நேரம். "ஓம்," என்று தலையாட்டினாள். மறுபடி ஒரு கேள்வி, மறுபடி ஓர் இடைவெளி. அந்த இடைவெளிகளில் அத்தானின் நிதானமான பேச்சு எனக்குள் ஓடியது. அவர் ஒரு சொல்லை இழுத்துச் சொல்லும் விதம்கூட.

திடீரென்று அக்கா என்னைப் பார்த்தாள். "தள்ளி இரு. அவர் இருக்கிற இடம்."

நான் கால்மாட்டில் இருந்தேன். சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அந்த இடத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு மணிபோல வியர்த்துக் கொட்டியது. அக்கா தூங்கிப்போனாள்.

ஒருநாள் விட்டு, லீவு போட்டு மறுபடி போனேன். இரண்டு மணிக்கு அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு வாசலைப் பார்த்துப் படுத்திருந்தாள். இரண்டரை. மூன்று. தொட்டுப் பார்த்தேன், உடம்பின் சூடு என் உள்ளங்கையின் சூட்டைப் போலவே இருந்தது. புழுக்கத்தில் நெற்றி மட்டும் வியர்த்தது.

"இனி வரமாட்டார், என்ன?"

"வரமாட்டார் அக்கா."

போர்வையை விலக்கிவிட்டு எழுந்தாள். சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். அவர் போன பிறகு அக்கா அழுதது அதுதான் முதல் தடவை.

அடுத்த மாதம் அத்தானுக்குச் செய்யவேண்டிய கிரியைகளைச் சல்லிக் கரையில் செய்தோம். ஐயர் இறந்தவரின் பெயரைக் கேட்டபோது அக்காவே சொன்னாள், குரல் தடுமாறாமல்.