ஜெயபாயின் நூற்றுப்பத்து கெஜம்

கரமனை ஆற்றுக்குத் தெற்கே, பஸ் போகும் ரோட்டிலிருந்து இரண்டு வளைவு உள்ளே தள்ளி இருக்கிறது ஜெயபாயின் வீடு. ஜூன் முதல் நவம்பர் வரை பல சனிக்கிழமை காலைகளில் அந்த வீட்டு ஜன்னல் வழியே ஆங்கில வர்ணனை கேட்கும். பால்காரருக்கு அது பழகிவிட்டது. கனடாவின் ரெஜைனா நகரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே வெள்ளி மாலை ஏழுக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே சனி காலை ஆறரைக்கு.

ஜெயபாய்க்கு அறுபத்தைந்து வயது. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறாவது வயதில் ரெஜைனாவுக்குப் போய், இருபத்தைந்து வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. வேலை முடிந்த மறுவருடம் வீட்டை விற்றுவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த வளைவில் தம்பி ஞானையன் இருந்ததால் இந்த வீட்டை வாங்கினார்.

ஃபுட்பால் பைத்தியம் வந்தது வேலை காரணமாகத்தான். போன புதிதில், சில ஞாயிற்றுக்கிழமைகளில் டியூட்டிக்கு வர யாரும் சம்மதிக்கவில்லை என்பதைக் கவனித்தார். எல்லோரும் உள்ளூர் அணியின் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார்கள். அந்த டியூட்டிகளை இவர் வாங்கிக்கொண்டார். இடுப்பு உடைந்து படுத்திருந்த ஒரு கோதுமை விவசாயி டி.வி.யைப் போடச் சொல்லி, ஊசி போட வந்தவரை அப்படியே நிறுத்தி ஆட்டத்தை விளக்கினார். பந்தைக் காலால் உதைப்பது எப்போதாவதுதான், பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது. மூன்று முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். மைதானம் நூற்றுப்பத்து கெஜம். பக்கத்து நாடான அமெரிக்காவில் நான்கு முயற்சி, நூறு கெஜம். “அவர்களுக்கு இடம் குறைவு, நேரம் அதிகம். நமக்கு இடம் அதிகம், நேரம் குறைவு” என்றார் விவசாயி. அடுத்த வருடம் ஜெயபாயும் பச்சைச் சட்டை வாங்கினார். ரெஜைனா இருக்கும் சஸ்காச்சுவான் மாகாணத்து அணி தனிமுதலாளியின் சொத்தல்ல, ஊர்க்காரர்களுடையது. பங்கு விற்றபோது இவரும் ஒன்று வாங்கினார். லாபம் தராத பங்கு அது. அந்தச் சான்றிதழ் இப்போது கரமனை வீட்டில், நர்ஸிங் டிப்ளமாவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

அரசியலிலும் அவருக்கு அபிப்பிராயங்கள் உண்டு. அங்கே ஆஸ்பத்திரிகள் மாகாண அரசின் கையில். ஒவ்வொரு மாகாணத் தேர்தலிலும் நர்ஸுகளின் கேள்விக்கு யார் முழு வாக்கியத்தில் பதில் சொன்னாரோ அவருக்கு ஓட்டுப் போட்டார். அதனால் கட்சி மாறிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்த பிறகு நிலைமை விசித்திரமாகிவிட்டது. கனடாவின் தேசியத் தேர்தலுக்குத் தபாலில் ஓட்டு உண்டு. மாகாணத் தேர்தலில் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். இங்கேயோ இந்தியப் பாஸ்போர்ட்டை என்றைக்கோ ஒப்படைத்தாயிற்று, வார்டு தேர்தலில்கூட ஓட்டில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றியும் தெருவை ஒட்டி மண்ணடைத்துக் கிடக்கும் ஓடையைப் பற்றியும்தான் அவர் அதிகம் பேசுவார். இரண்டிலும் அவருக்கு வாக்குரிமை இல்லை.

இரண்டாயிரத்து இருபத்தைந்தின் தொடக்கத்தில் அது முதல் முறையாக வெளிப்படையாகத் தெரிந்தது. நகரத்து வார்டுகளைப் பிரித்து எல்லை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஞானையனின் வார்டுக்கு அதுவரை ஓடைதான் எல்லை. புது வரைபடத்தில் சர்ச் ரோட்டின் நடுவே கோடு போய், சர்ச்சை ஒட்டிய வீடுகள் எல்லாம் பக்கத்து வார்டுக்குப் போயிருந்தன. ஞானையன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடையைத் தூர்வாரச் சொல்லி பத்து வருடமாக மனுக் கொடுப்பவர். அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. சர்ச் ரோட்டு வீடுகளில்தான் அவருக்கு ஆள் பலம்.

ஆட்சேபணை கேட்கும் நாளில் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். ஹாலில் நல்ல கூட்டம். ஞானையன் எழுதிக்கொண்டு போனதைப் பாதி படிப்பதற்குள் அதிகாரி, “நோட் செய்திட்டுண்டு” என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஜெயபாய் எழுந்து, ஓடை இயற்கையான எல்லை, ரோட்டின் நடுவே கோடு போட்டால் ஒரே ஓடைக்கு இரண்டு கவுன்சிலர் வருவார்கள் என்றார். அதிகாரி மரியாதையாகவே கேட்டார், எந்த பூத்தில் ஓட்டு என்று.

“ஓட்டில்லை.”

“அப்போள் அம்மச்சி இரிக்கணும்.”

உட்கார்ந்தார். திரும்பும்போது ஆட்டோவில் ஞானையன்தான் புலம்பிக்கொண்டு வந்தார். 

அந்த செப்டம்பரில் ரெஜைனாவிலிருந்து மார்லீன் கூப்பிட்டார். மார்லீன் பழைய வார்டு சிஸ்டர். இருபது வருடம் இருவருக்கும் மைதானத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கனடாவின் ஃபுட்பால் லீக் ஆட்ட விதிகளை மாற்றப்போவதாக அறிவித்திருந்தது. மைதானம் நூற்றுப்பத்திலிருந்து நூறு கெஜமாகக் குறையும். கோல் கம்பம் பின்னால் போகும். உதைத்த பந்து எல்லையைத் தாண்டிப் போனால் கிடைத்து வந்த ஒற்றைப் புள்ளியும் பல சமயங்களில் கிடைக்காது. சிலது அடுத்த வருடமே, சிலது அதற்கு அடுத்த வருடம்.

“நான் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கப்போவதில்லை. அமெரிக்காக்காரன் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் அதையே பார்த்துக்கொள்வேன்” என்றார் மார்லீன். கனடாவைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொள்வதாக அமெரிக்க அதிபர் பேசிவந்ததால், அந்த வருடம் முழுக்க அமெரிக்கா என்ற சொல்லைக் கேட்டாலே கனடாக்காரர்களுக்குக் கோபம் வந்துகொண்டிருந்தது.

ஜெயபாய் அத்தனை எளிதாக ஒரு பக்கம் சாயவில்லை. அன்று மாலை ஞானையனின் மருமகள் ஷீனா வந்தபோது ஒவ்வொன்றாகச் சொன்னார். ஷீனா டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவள், ஆட்டம் அரைகுறையாகப் புரியும்.

“கம்பத்த மாத்துனது கொள்ளாம் மோளே. இப்ப அது மைதானத்துக்கு நடுவுல நிக்குத மாதிரியாக்கும். ஓடுற ஓட்டத்துல போய் இடிச்சு தோள் எலும்பு போனா ஆரு பதில் சொல்லுவா?”

“ஒத்தப் புள்ளி போனதும் நல்லதுதானே மாமி? கோல் அடிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு புள்ளி?”

“அது அப்படி இல்ல. எதிராளிய மூலையில தள்ளுனதுக்கு உள்ள கூலி அது. ஆனா போட்டும், அதையும் சகிச்சிருவேன். பத்து யார்டு குறைக்கதுதான் எனக்குப் பிடிக்கல.”

“பத்து யார்டுல என்ன ஆவும்?”

“என்னவோ ஆவட்டும். ஒரு வார்த்தை கேக்கலாம் இல்லியா? நூறு வருஷமா காசு குடுத்து குளிர்ல உக்காந்து பாக்குது ஜனம்.”

மறுநாள் லீக்குக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். கம்பத்தை மாற்றியதற்கு, எலும்பு முறிவு வார்டு நர்ஸ் என்ற முறையில், நன்றி. மைதானத்தைக் குறைப்பதற்கு முன் ரசிகர்களைக் கேட்டிருக்க வேண்டும். அதே மூச்சில் மாகாண சட்டசபை உறுப்பினர் ஒருவருக்கும் எழுதினார், சிறு ஊர்களில் இரவு நர்ஸ் இல்லாமல் அவசரப் பிரிவுகளை மூடவேண்டி வருவதைப் பற்றி. லீக்கிலிருந்து அச்சடித்தது போன்ற நன்றி வந்தது. சட்டசபை உறுப்பினரின் அலுவலகம், தங்கள் முகவரி எந்தத் தொகுதியில் என்று கேட்டது. கரமனை என்று பதில் போட்டார். பிறகு ஒன்றும் வரவில்லை.

அந்த வருடம் அணி நன்றாக ஆடி இறுதிப் போட்டிக்குப் போயிற்று. நவம்பர் பதினேழு, திங்கட்கிழமை காலை நாலரைக்கு ஆட்டம். முந்தின நாள் சர்ச் முடிந்ததும் ஜெயபாய் பஸ் பிடித்துப் பழவங்காடியில் இறங்கி, சாலைக் கடைத்தெருவில் ஒரு பெரிய தர்பூசணி வாங்கி வந்தார். சஸ்காச்சுவான் ரசிகர்கள் தர்பூசணியைக் குடைந்து தலையில் கவிழ்த்துக்கொள்வது வழக்கம். ஷீனா சதையைத் தோண்டி ஜூஸ் போட, ஜெயபாய் ஓட்டின் ஓரத்தைக் கத்தியால் செதுக்கித் தலைக்குச் சரிபார்த்தார்.

அணி ஜெயித்தது. இருபத்தைந்துக்குப் பதினேழு. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு கோப்பை. ஞானையன் ஏழரை மணிக்கு நோட்டீஸ் கட்டோடு உள்ளே வந்தபோது அக்கா தர்பூசணித் தொப்பியோடு நின்று மார்லீனிடம் போனில் அழுதுகொண்டிருந்தார். ஞானையன் அப்போது சுயேச்சை வேட்பாளர். கோடு ரோட்டின் நடுவிலேயே நின்றுவிட்டிருந்தது. ஆனாலும் நிற்பதென்று முடிவு செய்திருந்தார்.

“அக்கா, இந்தக் கோலத்துல வெளிய வந்துராதீங்க. எனக்கு உள்ள நாலு ஓட்டும் போயிரும்.”

“ஜெயிச்சாச்சுடா ஞானையா!”

“நல்லது. நோட்டீஸ்ல எழுத்துப்பிழை உண்டான்னு பாருங்க.”

தொப்பியைக் கழற்றாமலே பார்த்துக் கொடுத்தார். ஓட்டுக் கேட்க அவர் போகவில்லை. வெளிநாட்டுக் குடிமகள் அதில் இறங்கக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். வாக்குப்பதிவு நடந்த டிசம்பர் ஒன்பதாம் தேதி ஷீனாவின் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார்.

பதின்மூன்றாம் தேதி எண்ணினார்கள். ஒரு கட்சியின் வேட்பாளர் ஆர்ஷா என்ற இளம்பெண் இரண்டாயிரத்து நூற்றுப்பதினாலு ஓட்டு வாங்கி ஜெயித்தாள். ஞானையனுக்கு முந்நூற்றுப்பன்னிரண்டு.

மாலையில் அவர் அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்ல இரண்டு மூன்று பேர் வந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம், “சர்ச் ரோட்ட வெட்டாம இருந்தா கதை வேற” என்று சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அவர்கள் போனபின் ஜெயபாய் சொன்னார்:

“அந்த வீடுகள்ல மொத்தம் நானூத்தி இருபது ஓட்டாக்கும். எல்லாம் உனக்கே விழுந்தாலும் எழுநூத்தி முப்பத்திரெண்டு. ஆயிரத்துக்கு மேல வித்தியாசம் இருக்கு. கோடு உன்னைத் தோக்கடிக்கல.”

ஞானையன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உங்க மைதானத்துல பத்து யார்டு குறைச்சா அநியாயம். எனக்க வார்ட வெட்டுனா அது கணக்கு. அல்லே?”

“ரெண்டும் ஒண்ணில்ல.”

“எப்படி ஒண்ணில்ல? நீங்க இந்த வருஷம் ஜெயிச்சீங்க. நூறு யார்டுன்னாலும் ஜெயிச்சிருப்பீங்க. பின்ன எதுக்கு மூணு மாசமா பறைஞ்சிட்டே இருக்கீங்க?”

“ஜெயிக்கதுக்கு இல்லடா. கேக்காம அளந்தான், அதுக்கு.”

“என்கிட்ட கேட்டானா?”

 ஹாலில் தன்னை உட்காரச் சொன்னது ஜெயபாய்க்கு நினைவுக்கு வந்தது. “கேக்கல. அது தப்புதான். ஆனா நீ தோத்ததுக்கு அது காரணமில்ல. அத வர்றவங்ககிட்டல்லாம் சொல்லாத” என்றார்.

ஞானையன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரம் வரவில்லை. காலையில் அவர் வீட்டுப் பேப்பர் இங்கே வந்து, படித்து முடித்துத் திரும்பப் போவது வழக்கம். அதுவும் நின்றது. ஷீனா இரண்டு வீட்டுக்கும் நடந்தாள். “மாமி, தோத்த அன்னிக்கே கணக்கு போட்டுக் காட்டணுமா? ஒரு வாரம் கழிஞ்சு சொல்லியிருக்கலாம்” என்றாள். ஜெயபாய் யோசித்து, அது சரி என்று ஒப்புக்கொண்டார். நோயாளியிடம் எக்ஸ்-ரேயைப் பற்றி எப்போது சொல்ல வேண்டும் என்பது தனக்குத் தெரிந்த வேலைதான் என்றும் சொன்னார். ஆனால் சொன்ன கணக்கு தப்பில்லை என்பதில் மாறவில்லை.

கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள், ஷீனாவை நடுவில் வைத்து. மறுநாள் காலை ஞானையன் கேக்கோடும் ஒரு வெள்ளைத் தாளோடும் வந்தார். கேக்கை மேஜையில் வைத்துவிட்டு, பழைய பேச்சு எதையும் எடுக்காமல், “அந்தக் கவுன்சிலர் பெண்ணுக்கு ஓடை விஷயமா ஒரு மனு எழுதணும். உங்களுக்கு நல்லா எழுத வரும்” என்றார்.

“ஓட்டில்லாதவ எழுதலாமா?”

“எழுதலாம். கையெழுத்து நான் போடுவேன்.”

ஜெயபாய் தமிழில் சொல்ல, ஷீனா மலையாளத்தில் டைப் செய்தாள். ஒரு ஓடைக்கு இப்போது இரண்டு கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் தண்ணீர் பேசாமல் நிற்காது என்ற வரியை ஞானையன் வெட்டச் சொன்னார். ஜெயபாய் விட்டுக்கொடுக்கவில்லை. வரி அப்படியே போயிற்று.

ஜனவரியில் ஆர்ஷா நேரில் வந்தாள். இந்தப் பக்கத்து ஓடை முழுதாகத் தூர்வாரப்பட்டது. சர்ச் பக்கம் அடுத்த வார்டுக்காரரிடம் பேசுவதாகச் சொன்னாள். பேசினாளோ என்னவோ, மார்ச் மாதம் அங்கேயும் மண்வெட்டிகள் வந்தன. “பெண்ணு கொள்ளாம்” என்று மெச்சினார் ஞானையன். தான் ஜெயித்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்று அவர் சொல்லவில்லை. ஜெயபாயும் அதைக் கேட்கவில்லை.

ஏப்ரலில் மார்லீன் கூப்பிட்டார். நூற்றுப்பத்து கெஜ மைதானத்தில் இது கடைசி சீசன், ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்றார்.

“நீ டிக்கெட் புதுப்பிக்கவில்லை என்றாயே?” என்று கேட்டார் ஜெயபாய்.

“புதுப்பித்துவிட்டேன். அதே நாற்காலி.”

ஜெயபாய் இரண்டு நாள் யோசித்தார். முழங்கால் வலி, இருபத்துச் சொச்சம் மணி நேரப் பிரயாணம். போகவில்லை என்று எழுதிவிட்டார். ஜூனில் சீசன் தொடங்கும் தேதியையும் இந்திய நேரத்தையும் காலண்டரில் பச்சை மையால் குறித்து வைத்தார். முதல் ஆட்டத்தைப் பார்க்கத் தானும் வருவதாக ஞானையன் சொல்லியிருக்கிறார். விதிகளை முன்கூட்டியே சொல்லக் கூடாது, பார்த்தே புரிந்துகொள்வேன் என்று நிபந்தனை.