அரிதட்டில் நின்றவை

அருமைநாயகி கிணற்றடியில் குந்தியிருந்து சண்முகநாதன் ஐயாவின் சாம்பலை அரிக்கிறாள். அரிதட்டைத் தட்டுவதில்லை, ஐயாவுக்கு நோகுமாம். இரண்டு கையாலும் மெல்ல ஆட்டுகிறாள். வாய் தேவாரத்தை முணுமுணுக்கிறது. அலுப்பில் இரண்டாம் அடியோடு நின்று, திரும்பவும் முதலடிக்கே போகிறது.

ஆள் பார்ப்பதுதான் அவள் தொழில். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இணுவிலில் தனித்துப்போன வயதானவர்களை, முழங்கையால் தண்ணீர்ச் சூடு பார்த்துக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, கடைசியில் வாய்க்கரிசி போடும் நேரம் சொந்தக்காரருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பாள். சண்முகநாதன் ஐயா ஐந்தாவது ஆள். ஆறு வருடம் பார்த்தாள். செத்தவீட்டில் தேத்தண்ணி ஊற்றியதும் அவள்தான். ஐம்பத்தாறு வயதுக்குள் முதுகு வளைந்துவிட்டது. ஆராவது சுகம் கேட்டால், "முருகன் நிக்கப் பண்ணுறான், நிக்கிறன்" என்பாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கனடாவிலிருந்து ஐயாவின் மகன் கோகுலனுக்கு வர முடியவில்லை. கீரிமலைக் கடலுக்கு மேலே ட்ரோன் சாம்பலைத் தூவ, அவன் போனில் பார்ப்பதாக ஏற்பாடு. "அப்பா ஒரு நாளும் பிளேன் ஏறேல்லை அக்கா. ஒருக்காப் பறக்கட்டும்" என்றான். அவளுக்கு அது பிடித்திருந்தது.

கலியாணப் படம் பிடிக்கிற சுதாகரன், ட்ரோனில் கட்டும் பெட்டியோடு வந்தான்.

"பொம்பிளை மாப்பிள்ளைக்கு மேலை பூக் கொட்டுற பெட்டி அக்கா, உது."

"கழுவினனீரோ தம்பி? பூவோடை எறும்பும் வந்திருக்கும்."

சிரித்தவன் அரிதட்டைப் பார்த்ததும் நிறுத்தினான். தூள் இறங்கிவிட்டது, எலும்புத் துண்டுகள் மேலே நின்றன.

"உது பெட்டி வாயிலை சிக்கும் அக்கா. இடிச்சுத் தாங்கோ."

கோகுலனும் போனில் அதையே சொன்னான். "உரலிலை போடுங்கோ அக்கா. அப்பா முழுசாப் போகவேணும்."

அவள் அரிதட்டை மடியில் வைத்தாள்.

"ஐயாவைப் படுக்கையிலை புரட்டேக்கை எலும்பு முறிஞ்சிடுமோ எண்டு ஆறு வருசம் பயந்தனான், தம்பி. இப்ப என்னையே இடிக்கச் சொல்லுறியள்."

"அப்ப வேறை ஆரையும் கொண்டு..."

"ஒருத்தரும் இடிக்கக் கூடாது. மிச்சத்தை நான் பாக்கிறன்."

பார்த்த ஐந்து வீட்டிலும் அவள் 'கூடாது' என்று சொன்னது இதுதான் முதல்தடவை. பிறகு, "சரி அக்கா" என்றான் கோகுலன்.

அந்தியேட்டியன்று காலை, ஐயர் கிரியை முடிக்க, ட்ரோன் இரைந்துகொண்டு எழும்பியது. எல்லாரும் அண்ணாந்தார்கள். "கோகுலன், தெரியுதோ?" என்று போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மேலே கொஞ்சம் புகைபோலத் தெரிந்தது. காற்று அதையும் கொண்டுபோனது.

அருமைநாயகியை ஒருவரும் பார்க்கவில்லை. எலும்புத் துண்டுகளை வெள்ளைத் துணியில் ஏந்திக்கொண்டு, சேலையோடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கியிருந்தாள். சிவசிவா என்று துணியை அவிழ்த்தவள், கொஞ்சம் பொறுத்தாள். முழங்கையைக் கடலில் வைத்து, தண்ணீர் குளிருதோ என்று பார்த்தாள்.