மக்காச்சோளத் தண்டில் நான் போட்ட கோலம்

தொண்ணூறுகளின் கடைசியில் திருப்பதியில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் அப்போது குவைத்தில் டிரைவர். கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு, மகளின் படிப்புக்காகத் திருப்பதியில் ஒரே ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். அவள் இன்டர் இரண்டாம் வருடம், தமிழ்நாட்டு பிளஸ் டூ மாதிரி. டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. அவளைவிட எனக்கு அதிக ஆசை.

பிப்ரவரியில் பிராக்டிகல், மார்ச்சில் பொதுத் தேர்வு, மே மாதம் மருத்துவ நுழைவுத் தேர்வு. காலையில் கல்லூரி, மாலையில் கோச்சிங். கோச்சிங்கில் ரெகார்டு நோட்டையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். தாவரவியல் ரெகார்டில் ஒரு படம்கூட வரையாமல் ஜனவரி வந்துவிட்டது. அந்த நோட்டில் லெக்சரர் கையெழுத்துப் போட்டால்தான் பிராக்டிகலுக்கு விடுவார்கள். பிராக்டிகல் போனால் இன்டர் போச்சு. இன்டர் போனால் டாக்டர் சீட்டும் போச்சு.

நான் படித்தது எட்டாவது வரைதான். ஆனாலும் அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். வேரையும் தண்டையும் குறுக்கே வெட்டினால் உள்ளே வட்டமும் புள்ளியுமாக இருந்தது. மார்கழி முழுக்க வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? நானே வரைந்து தருகிறேன் என்றேன்.

"வாணாம்மா, மேடம் கண்டுபுடிச்சிடுவாங்க" என்றாள்.

"நீ பிசிக்ஸ் படிச்சிக்கினு இரு. இது இன்னா, நாலு புள்ளி, நாலு வளைவு. ஏழுமலையான் பாத்துக்குவான்."

சமையல் முடித்து, மத்தியானங்களில் பெருமாள் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பென்சிலில் புள்ளி வைத்து, வளைத்து, புள்ளியை அழித்துவிடுவேன். பத்தே நாளில் பதினாறு படமும் முடிந்தன. பாகங்களின் பெயரை மட்டும் அவள் அவசர அவசரமாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாளே லெக்சரர் என்னை அழைத்துவரச் சொல்லிவிட்டார். சூளூர்பேட்டைப் பக்கத்துப் பெண்; தமிழ் நன்றாகப் பேசுவார்; என்னைவிட வயதில் சின்னவர். மகள் லேபில் சுவரோரம் தலைகுனிந்து நின்றாள்.

"இந்தப் படமெல்லாம் யார் போட்டது?"

பெருமாள் பெயரைச் சொல்லிவிட்டு வந்தவள் பொய் சொல்ல முடியுமா? "நாந்தான் மேடம். பொண்ணு மேல தப்பில்ல."

"தெரியும்மா. அழிச்ச புள்ளியெல்லாம் வரிசையாத் தெரியுது. கோலம் நல்லாத்தான் கீது. ஆனா இது மக்காச்சோளத் தண்டு இல்ல. இத்தப் பாத்தா சூரியகாந்தித் தண்டாட்டம் கீது. சோளத்துல இந்தப் புள்ளிங்க வட்டமா வராதும்மா."

"புஸ்தகத்துல கண்டமேனிக்குச் சிதறிக் கெடந்தது மேடம். அழகா இல்லியேன்னு நாந்தான் வரிசையா வச்சேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். என் மகளும் அழுகைக்கு நடுவே சிரித்தாள். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, "வாங்க, நீங்களே பாருங்க" என்றார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் எதையோ திருப்பியதும் தெரிந்தது. தண்டு முழுக்க அட்சதை இறைத்த மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு குட்டி முகம். இரண்டு கண், ஒரு வாய். எதுவும் வரிசையில் இல்லை. என்னையறியாமல் "கோவிந்தா" என்றேன்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "நாலு நாள் டைம் தரேன். உங்க பொண்ணு இங்க உக்காந்து, அவளே பாத்து, பதினாறும் போடட்டும். மேல இருக்கறவங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

அந்த நாலு நாளும் கோச்சிங்கில் முக்கியமான டெஸ்ட். அத்தனையும் போனது. நான் கல்லூரி கேட் பக்கத்தில் உட்கார்ந்து நாமம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் கையெழுத்தும் வந்தது, பிராக்டிகலும் நல்லபடியாக முடிந்தது.

ஆனால் நுழைவுத் தேர்வில் ராங்க் தள்ளிப்போய்விட்டது. டாக்டர் சீட் கிடைக்கவில்லை. அந்த நாலு நாளால்தான் போச்சு, என்னால்தான் போச்சு என்று நான் அழுதபோது, "அதுல போவலம்மா, கெமிஸ்ட்ரியில போச்சு. அந்த நாலு நாள்தான் நான் நெசமா படிச்சேன்" என்றாள். இன்னொரு வருடம் கோச்சிங் போகச் சொன்னேன், கேட்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற படிப்பாகத் தேடிச் சேர்ந்தாள். இப்போது பெங்களூரில் நோய்க் கிருமிகளைப் பரிசோதிக்கும் லேபில் இருக்கிறாள். டாக்டர்களே அவள் முடிவு சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்களாம்.

இன்றும் வாசலில் புள்ளி வைக்கும்போது அந்தக் குட்டி முகங்கள் ஞாபகம் வரும். கோலத்தை வரிசையாகத்தான் போடுகிறேன். ஆனால் என் பிள்ளையின் வாழ்க்கையில் பெருமாள் வைத்த புள்ளிகளை என் இஷ்டத்துக்கு நகர்த்தப் போவதில்லை.