மார்க்கெட் இல்லை, மார்க்ட்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். பெற்றது ஐந்து. ஆறாவது ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. பெற்றவர்கள் இருக்கும்போது அவளை எப்படி உன் கணக்கில் சேர்க்கிறாய் என்று வீட்டில் கேலி பேசுகிறார்கள். இதை எழுதி முடித்த பிறகு பேசட்டும். இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் என் கையாலேயே எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, எண்பத்தாறு வாக்கில் துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் பாக்டரி இன்ஜினியர் வீட்டில் வேலை பார்த்தேன். அவர்கள் ஆஸ்திரியாக்காரர்கள். ஆஸ்திரேலியா இல்லை, அது வேறு, இது வேறு. எனக்கும் அங்கே போய்த்தான் தெரியும். இன்ஜினியர், அவர் மனைவி, நடை பழகி முடித்த ஒரு பெண் குழந்தை. என் பிள்ளைகளை மானாமதுரையில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த எனக்கு அந்தக் குழந்தைதான் மடியில் கிடந்தது.

ஒரு குளிர்காலத்தில் இன்ஜினியரின் அம்மா ஊரிலிருந்து வந்தார். பெரிய மேடம் என்று கூப்பிடுவேன். முழங்கால் வலிக்காரர். வாய்க்கு மட்டும் வலியே கிடையாது. அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. இருந்தும் நாள் முழுக்க அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என்னிடம் பேசிக்கொண்டே இருப்பார்.

வந்த புதிதில் ஒருநாள் மார்பைத் தட்டி, "மார்க்ட், மார்க்ட்" என்றார். மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் போல என்று நினைத்து டிரைவரைக் கூப்பிட்டேன். அவன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், என்னை அக்கா என்பான். இரண்டு பேருமாகச் சேர்ந்து பெரிய மேடத்தைக் காய்கறி மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்கினோம். அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். சும்மா திரும்பக் கூடாதே என்று ஒரு பை நிறையக் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தோம்.

சாயங்காலம் மருமகள் மேடம் அதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாதி இங்கிலீஷ், பாதி கைஜாடையில் விளக்கினாள். மார்க்ட் என்பது கடை இல்லையாம். அது அவர் ஊரின் பட்டம். அவர்கள் நாட்டில் கிராமத்துக்கும் டவுனுக்கும் நடுவே அப்படி ஒரு ஊர்வகை உண்டாம். இங்கே சந்தை கூட்டிக்கொள்ளலாம் என்று எந்தக் காலத்திலோ ராஜா உத்தரவு கொடுத்தால்தான் அந்தப் பட்டம் கிடைக்குமாம். பெரிய மேடத்தின் ஊரில் வீடுகள் கொஞ்சம்தான். ஆனால் அதை யாராவது கிராமம் என்று சொல்லிவிட்டால் சண்டைக்கு வந்துவிடுவாராம். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போனது. எங்கள் ஊரைப் பட்டிக்காடு என்று சொன்னவர்களை நானும் சும்மா விட்டதில்லை.

மறுநாளிலிருந்து சப்பாத்தி மாவில் அந்த ஊரைக் கட்டிக் காட்ட ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் மாவு மலை. நடுவில் விரலால் கோடு கிழித்தால் ஆறு. அரிசி மணிகள் வீடுகள். முதலில் சந்தையை ஆற்றங்கரையில்தான் வைத்திருந்தார்களாம். டம்ளர் தண்ணீரைக் கோட்டில் ஊற்றுவார். கரையில் இருந்த அரிசியெல்லாம் மிதந்து போகும். அதற்கப்புறம்தான் ஊரே மேட்டில் ஏறி, அங்கே சந்தைத் திடலையும் கோயிலையும் கட்டிக்கொண்டதாம். மாவு மேட்டில் விரலை ஊன்றி "மார்க்ட்!" என்பார். தீக்குச்சியைக் காட்டி, ஒருமுறை ஊரே எரிந்த கதையும் சொன்னார். சந்தை நாளில் ஒரு தூணில் கத்தி பிடித்த மரக்கையை உயர்த்தி வைப்பார்களாம். அது நிமிர்ந்து நிற்கும்வரை சந்தைக்குள் யாரும் யார்மேலும் கை வைக்கக் கூடாது. என் கரண்டியைப் பிடுங்கி நட்டுக்குத்தாகப் பிடித்துக் காட்டினார். ஜாடையில் எனக்குப் புரியாததைச் சாயங்காலம் மருமகள் மேடம் விளக்குவாள்.

இதெல்லாம் கடைசியில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நான் அடுப்படித் தரையில் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவ ஆரம்பித்ததும், பெரிய மேடம் குழந்தையைத் தூக்கி மேடைமேல் நிறுத்தி "மார்க்ட்!" என்று கத்துவார். குழந்தை கைகொட்டிச் சிரிக்கும். நானும் புடவையைத் தூக்கிக்கொண்டு "மார்க்ட்!" என்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மலைப்பக்கம் போனோம். இன்ஜினியருக்கு டூட்டி. மாசமாக இருந்ததால் மருமகள் மேடமும் வரவில்லை. பெரிய மேடம், குழந்தை, நான், டிரைவர். அங்கே மலைகளுக்கு நடுவில் ஆற்றுப் படுகை காய்ந்து கிடக்கும், வாதி என்பார்கள். மணலில் பாயை விரித்தோம். கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் டீ போட ஸ்டவ்வைப் பற்றவைத்தான். எங்கள் தலைக்குமேல் நல்ல வெயில். தூரத்து மலை உச்சியில் மட்டும் மேகம் கறுத்துக் கிடந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். காய்ந்த மணலில் மெல்லிசாக ஒரு தண்ணீர்க் கோடு, நாக்கை நீட்டி நீட்டி எங்களை நோக்கி வந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் வைகையில் வருஷத்தில் பாதி நாளும் மணல்தான். தண்ணீர் வருகிறது என்றால் ஊரே ஓடும். பூவைப் போட்டு, சூடம் கொளுத்தி, பிள்ளைகளின் காலைப் புதுத்தண்ணீரில் நனைப்போம். நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். குழந்தையைத் தூக்கிப்போய் அதன் காலைத் தண்ணீரில் வைத்தேன்.

"தம்பி, ஓடியா! ஆத்துல தண்ணி வந்துருச்சு!"

"வரட்டும்க்கா, டீக்கு ஆச்சு!" என்றான் அவன்.

பெரிய மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. சுள்ளியும் ஆட்டுப் புழுக்கையும் மிதந்து வந்தன. அவர் தன் பாஷையில் என்னவோ சொன்னார். அவருக்கும் சந்தோஷம் போல என்று நான் சிரித்தேன். என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார், நான் நகரவில்லை. பிறகு அவர் தொண்டை கிழியக் கத்தினார். "மார்க்ட்! மார்க்ட்!"

"யக்கா, கெழவிக்கு மறுபடியும் கத்திரிக்கா வேணும் போலுக்கு! இந்த மலைக்குள்ள மார்க்கெட்டுக்கு நான் எங்க போவேன்?" என்று டிரைவர் சிரித்தான்.

எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் பெரிய மேடத்தின் இன்னொரு கை பாறைமேட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. வாளித் தண்ணீரும் மேடைமேல் நின்ற குழந்தையும் என் கண்ணுக்குள் வந்தன. அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரே ஒரு வார்த்தை. அதைத்தான் தேடி எடுத்துக் கத்துகிறார்.

"டேய், மேல ஏறுடா! மார்க்கெட் இல்லடா, மேடுடா!"

குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பாறையில் ஏறினேன். பெரிய மேடத்தால் முழங்காலை மடக்க முடியவில்லை. நீ போ, நீ போ என்று கையை ஆட்டினார். டிரைவர் வண்டிப் பக்கம் ஓடினான்.

"மொதலாளி வண்டிக்கா!"

"மொதலாளியோட ஆத்தா இங்க நிக்கிறாங்கடா!"

நின்றான். திரும்பி ஓடிவந்து குனிந்து அவரை முதுகில் ஏற்றிக்கொண்டான். அதற்குள் சத்தம் வந்துவிட்டது. கல் குவாரியில் லாரி லாரியாக ஜல்லி கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். அவன் கடைசிப் பாறையில் கையை ஊன்றும்போது வளைவைத் திரும்பி ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது, மரத்தோடும் கல்லோடும். எங்கள் பாய் போனது. ஸ்டவ் போனது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, கவிழ்ந்து, போயே போய்விட்டது. நான் குழந்தையின் காலை நனைத்த இடம் எதுவென்று தெரியவில்லை.

பிறகு டிரைவர்தான், "யக்கா, டீ போச்சே" என்றான். அவ்வளவுதான். சிரிக்க ஆரம்பித்தவர்களால் நிறுத்த முடியவில்லை. பாஷை தெரியாத பெரிய மேடமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் வலது கையை முஷ்டி பிடித்து நட்டுக்குத்தாக உயர்த்தினார். அந்த மரக்கை. இனி இங்கே யாரும் யாரையும் தொட முடியாது, தண்ணீர் உட்பட. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே நானும் கையை உயர்த்தினேன்.

மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அரபிக் கிழவர் ஒருவர் எங்களைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டார். வண்டி போனதை டிரைவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். இன்ஜினியர் தன் அம்மாவின் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே, "கலாஸ்" என்றார். அரபியில் முடிந்தது, போனால் போகட்டும் என்று அர்த்தம். மருமகள் மேடம் குழந்தையை என் இடுப்பிலிருந்து வாங்கவில்லை. என்னையும் சேர்த்தே கட்டிக்கொண்டாள்.

பெரிய மேடத்தின் அந்த ஊரை நான் பார்த்ததில்லை. அதன் பெயரும் என் வாயில் நுழைந்ததில்லை. ஆனால் இன்றைக்கும் வைகையில் புதுத்தண்ணீர் வந்தால் கும்பிடத்தான் செய்கிறேன், கரைமேல் நின்றுகொண்டு.

அடியே பேத்தி, இங்கே வா. முதலிலிருந்து வாசி, கேட்போம். மார்க்ட் என்று எழுதியிருப்பதைக் கிழவியின் பிழை என்று நினைத்து மார்க்கெட் என்று திருத்தி மட்டும் வாசித்துவிடாதே.